ஃபிளாஷ் இல்லாம ராத்திரிப் படம்: எந்தச் சின்ன ஃபிலிம் கேமரா?

செவ்வாய்ப்பேட்டை35:
ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் தெருவுல ராத்திரி படம் எடுக்கணும். ஏற்காடு லேடீஸ் சீட்டுல பொழுது சாஞ்சதும் கீழ தெரியுற சேலத்து விளக்குகளையும் எடுக்கணும். ஃபிளாஷ் வேண்டாம், ட்ரைபாட் தூக்க முடியாது. ஃபிலிம் எச்பி5, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகம்) 400 இருக்கிற கருப்பு வெள்ளை. ஒலிம்பஸ் மியூ 2, ஒலிம்பஸ் எக்ஸ்ஏ, கேனோனெட் க்யூஎல்17 ஜி3, மூணுல எதை வாங்கலாம்?

மலைப்பாதை:
மூணுக்குமே லென்ஸ் நல்லா இருக்குங்க. ராத்திரிக்குப் பாக்க வேண்டியது ஃபிளாஷை நிறுத்தினா நிக்குதா, ஐஎஸ்ஓ நம்ம கையில இருக்குதாங்கறதுதான்.

மியூ 2 ரெண்டுலயும் சறுக்கும். மூடித் திறந்தா ஃபிளாஷ் மறுபடி ஆட்டோவுக்குப் போயிரும். மறந்தீங்கன்னா கூட்டத்துல பளிச்சுனு அடிச்சிரும். ஐஎஸ்ஓவை ஃபிலிம் டப்பாவோட டிஎக்ஸ் கோடுல (டப்பா மேல இருக்கிற கட்டம் கட்டமான குறி) இருந்துதான் எடுக்கும். கோடு இல்லாட்டி 100னு வெச்சுக்கும்.

எக்ஸ்ஏவுக்கு ஃபிளாஷ் தனி, கழட்டி வீட்டுலயே வெச்சிரலாம். லென்ஸ் துவாரம் எஃப் 2.8ல (இந்த எண் குறைஞ்சா வெளிச்சம் கூட) ஷட்டர் தானா 10 விநாடி வரைக்கும் திறந்திருக்கும். அடியில இருக்கிற லீவரை செல்ஃப் டைமருக்குத் திருப்பினா அதுவே முன்னால நீண்டு கேமராவைத் தாங்கும். லேடீஸ் சீட்டுக்கு இது போதும், ஒரு மதில் கிடைச்சாச் சரி. ஐஎஸ்ஓ 800க்கு மேல கிடையாது, அது ஒண்ணுதான் குறை.

அஸ்தம்பட்டி டார்க்ரூம்:
கோயில் தெருவுக்கு கேனோனெட்டுங்க. எஃப் 1.7ங்கறது 2.8ஐ விட கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) வெளிச்சம் கூட. ஆளுங்க நடந்துட்டே இருக்கிற இடத்துல 1/30 விநாடி ஷட்டர் உதவாது, படம் இழுத்துரும்.

இதுலயும் மீட்டர் 800 வரைக்கும்தான். ஆனா மேனுவல்ல வெச்சா பேட்டரியே வேண்டாம். எச்பி5ஐ 1600னு கணக்குப் போட்டு 1.7, 1/125ல ஆரம்பிங்க; சீரியல் லைட்டுக்கு நேர்கீழ 2.8. 1.7ல ஒன்றரை மீட்டர் தூரத்துல ஃபோகஸ் ஆழம் ஒரு சாண் கூட வராது, அதனால கண்ணுல ஃபோகஸ் பண்ணுங்க. எடை 600 கிராமுக்கு மேல, சட்டைப் பைக்கு ஆகாது.

மீட்டர் வேணும்னா காது மெஷினுக்குப் போடுற 675 செல் போடுங்க, 1.4 வோல்ட். பழைய 1.35 வோல்ட் மெர்குரி செல் இப்ப கிடைக்காது. 1.5 அல்கலைன் போட்டா மீட்டர் வெளிச்சத்தைக் கூடக் காட்டும், நெகட்டிவ் மெலிஞ்சு வரும்.

ஃபிலிம் கழுவுறப்ப ஐடி-11 டெவலப்பர், தண்ணி கலக்காம, 20 டிகிரியில 800க்கு பத்தரை நிமிஷம், 1600க்கு 14. சேலத்துக் குழாய்த் தண்ணி அதைவிடச் சூடு. பாட்டிலை ஐஸ் தண்ணியில நிறுத்திக் குளிர வைங்க, ஐஸை மருந்துக்குள்ள போடாதீங்க.

செவ்வாய்ப்பேட்டை35:
எக்ஸ்ஏவுல 10 விநாடி எடுத்தா ஃபிலிமுக்குப் போதுமாங்க?

மலைப்பாதை:
பத்தாதுங்க. ரொம்ப நேரம் திறந்து வெச்சா ஃபிலிமோட வேகம் குறையும். மீட்டர் 4 விநாடி சொன்னா எச்பி5க்கு 6 வேணும். 10 சொன்னா 20. எக்ஸ்ஏவுல ஒன்றரை ஸ்டாப் கூட்டுற ப்ளஸ் 1.5 போட்டுச் சரிக்கட்டலாம்னா அதுவும் அதே லீவர்தான், செல்ஃப் டைமரோட சேராது. அதனால ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் இறக்கி, 400க்குப் பதிலா 200ல வைங்க. வானத்துல நீலம் இருக்கிறப்பவே எடுத்துட்டா 10 விநாடிக்கே போக வேண்டியதில்லை.

இன்னொண்ணு, மலைக்குளிர்ல இருந்த கேமராவைச் சேலத்துக்கு இறங்கினதும் திறக்காதீங்க. உள்ள ஈரம் கோத்துக்கும், அப்புறம் லென்ஸ்ல பூஞ்சை. மேலயே பாலிதீன் கவர்ல சிலிக்கா ஜெல்லோட கட்டிருங்க, கீழ வந்து கேமராவோட குளிர் போன பிறகு பிரிங்க.