முழங்கால் மூட்டு மாற்று: பலனை அளக்க எந்த ஸ்கோர், எப்போது, எத்தனை பேர்?

எம்பிடி_மாணவி

வணக்கம். முதுநிலை பிசியோதெரபி ஆய்வுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் முழு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் ஒரு குழுவுக்கு வழக்கமான வீட்டுப் பயிற்சி, மற்ற குழுவுக்கு அதோடு முன்தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. அளக்க நினைப்பவை மூன்று: 0 முதல் 10 வரை வலி, முட்டி மடங்கும் கோணம், முடிவில் "திருப்தியா?" என்று ஒரு கேள்வி. டிஸ்சார்ஜ் அன்றும் மூன்றாவது மாதமும் எடுப்பதாகத் திட்டம். மொத்தம் 60 பேர்.

முட்டியின் வலியையும் செயல்பாட்டையும் நோயாளியே மதிப்பிடும் ஆக்ஸ்ஃபோர்டு நீ ஸ்கோர் என்ற கேள்வித்தாளையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அதில் மண்டியிட முடிகிறதா என்று ஒரு கேள்வி வருகிறது. அறுவைக்குப் பிறகு மண்டியிட வேண்டாம் என்று பல இடங்களில் சொல்லியே அனுப்புகிறார்கள். அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துவிடலாமா? 60 பேர் போதுமா?

மூட்டுமருத்துவம்

முதலில் திருத்த வேண்டியது நேரம். டிஸ்சார்ஜ் அன்று எடுக்கும் அளவு ஆரம்ப அளவு ஆகாது. அன்றைக்குத் தையல் வலி, வீக்கம், வலி மாத்திரையின் தாக்கம் எல்லாம் கலந்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சி கொடுத்தாலும் மூன்றாம் மாதத்தில் பெரிய முன்னேற்றம் தெரியும். நோயாளிக்குத் தெரிய வேண்டியது அறுவைக்கு முன்பு இருந்ததைவிட இப்போது எவ்வளவு தேவலை என்பது. ஆகவே அறுவைக்கு முந்தைய நான்கு வாரத்துக்குள் ஒரு அளவு கட்டாயம் வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோரில் 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 48. 48 என்றால் மிக நல்ல முட்டி. பழைய கட்டுரைகளில் 12 முதல் 60 வரை, குறைந்தால் நல்லது என்று தலைகீழாக இருக்கும். அந்த எண்களை 60-இலிருந்து கழித்த பிறகே உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். இதில் தடுமாறிய ஆய்வேடுகள் உண்டு.

எல்லாக் கேள்விகளும் "கடந்த நான்கு வாரத்தில்" என்றே கேட்கின்றன. இரண்டாம் வாரத்தில் கேட்டால் பாதிக் காலம் அறுவைக்கு முந்தைய முட்டியைப் பற்றியதாகிவிடும். ஆறாவது வாரத்துக்கு முன்னால் இந்த ஸ்கோரை எடுக்காதீர்கள். ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று வையுங்கள். முன்னேற்றத்தின் பெரும்பங்கு அறுவைக்குப் பிந்தைய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை 2009 ஏப்ரல் முதல் நோயாளிகளிடம் அறுவைக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் இதே ஸ்கோரை வாங்குகிறது. நீங்களும் ஆறாம் மாதம் எடுத்தால் ஒப்பிட இடம் கிடைக்கும்.

மண்டியிடும் கேள்வியை எடுக்கவே கூடாது. எடுத்தால் அது வேறு ஸ்கோர் ஆகிவிடும். கேள்வி "மண்டியிட்டு மறுபடி எழ முடிந்ததா" என்பதுதான், மண்டியிடுகிறீர்களா என்பதல்ல. முயன்றே பார்க்காதவரிடமும் "முயன்றால் எவ்வளவு முடியும் என்று நினைக்கிறீர்கள்" என்று எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் கேளுங்கள், அதை ஆய்வு முறைப் பகுதியில் எழுதுங்கள். ஒருவர் ஒன்றிரண்டு கேள்விக்குப் பதில் தராவிட்டால் மற்ற விடைகளின் சராசரியை அங்கே போடலாம். மூன்று விடுபட்டால் அவருக்கு ஸ்கோரே கிடையாது.

நம் ஊர் நோயாளிக்கு முக்கியமான சில இந்தப் பன்னிரண்டில் இல்லை: சம்மணமிட்டு உட்காருவது, தரையிலிருந்து கையூன்றாமல் எழுவது, இந்தியன் டாய்லெட். இவற்றைத் தனியாக மூன்று கேள்வியாகக் கேளுங்கள், முடிவையும் தனியாகவே கொடுங்கள். 48-ஐ 60 ஆக்கிவிடாதீர்கள். சமதரையில் நடக்க 65 முதல் 70 டிகிரி மடங்கினால் போதும், நாற்காலியிலிருந்து எழ 90-ஐ ஒட்டி வேண்டும். தரையில் உட்கார அதைவிட மிக அதிகம் வேண்டும். 110 டிகிரி வந்துவிட்டது என்று நாம் மகிழும்போது, கோயிலில் தரையில் உட்கார முடியாததே அந்த அம்மாவின் குறையாக இருக்கலாம். அதை எந்தப் படிவமும் தானாகக் கேட்காது.

வலிக்கு ஒரே எண் போதாது. ஓய்வில், நடக்கையில், மாடிப்படி இறங்கையில், இரவில் என்று நான்காகப் பிரியுங்கள்.

எண்கணக்கு

60 போதாது. கணக்கு இது: இரு குழுக்களுக்கு இடையே ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோரில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு சுமார் 5 புள்ளி. திட்ட விலக்கம் (ஸ்கோர் ஆளுக்கு ஆள் சிதறும் அளவு) 10 என்று வைப்போம். 80 சதவீதத் திறன் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத முக்கியத்துவ நிலை (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்றால் ஒரு குழுவுக்கு 63 பேர். ஐந்தில் ஒருவர் திரும்பி வரமாட்டார் என்று வைத்தால் 79. மொத்தம் 158.

உங்கள் 60-இல் குழுவுக்கு 30. அதிலும் 24 பேரே கடைசிவரை வந்தால் நீங்கள் கண்டுபிடிக்கக்கூடிய குறைந்தபட்ச வேறுபாடு 8 புள்ளி. வீட்டுப் பயிற்சியோடு இன்னொரு பயிற்சி சேர்ப்பதால் மட்டும் 8 புள்ளி கூடும் என்று எதிர்பார்க்க முடியாது. கடைசியில் "வேறுபாடு இல்லை" என்று எழுதுவீர்கள், அதற்கு அர்த்தமே இருக்காது.

கொஞ்சம் மிச்சப்படுத்த வழி உண்டு. ஆரம்ப ஸ்கோரைத் துணைமாறியாகச் சேர்த்து ஆன்கோவா (ஆரம்ப வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு குழுக்களை ஒப்பிடும் முறை) செய்யுங்கள். ஆரம்ப ஸ்கோருக்கும் இறுதி ஸ்கோருக்கும் ஒட்டுறவு 0.5 என்றால் 63 என்பது 48 ஆகக் குறையும். குழுவுக்குள் முன்–பின் டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) செய்து, "இந்தக் குழுவில் முன்னேற்றம் உண்டு, அந்தக் குழுவில் இல்லை" என்று முடிவு எழுதாதீர்கள். அறுவை செய்தாலே எல்லோரும் முன்னேறுவார்கள். ஒப்பிட வேண்டியது குழுவோடு குழு.

இரண்டு முட்டியும் ஒரே நேரத்தில் மாற்றியவரை இரண்டு நோயாளியாக எண்ணாதீர்கள். முடிந்தால் ஒரு முட்டி மட்டும் மாற்றியவர்களையே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எம்பிடி_மாணவி

மிக்க நன்றி, இருவருக்கும். 158 பேர் என் காலத்துக்குள் கிடைக்க மாட்டார்கள். தசை வலுவையே முதன்மை அளவாக வைத்தால் எண்ணிக்கை குறையுமா? இன்னொன்று: பெரும்பாலானோர் அறுவைக்கு முந்தைய நாள்தான் அட்மிட் ஆகிறார்கள். அப்போது கேட்கலாமா? வெளியூர்க்காரர்களிடம் போனில் கேட்கலாமா?

களப்பணி

முந்தைய நாள் வேண்டாம். பயமும் பரபரப்புமாக இருப்பார்கள், வலியைக் கூட்டியே சொல்வார்கள். மயக்க மருந்து ஃபிட்னெஸுக்காக ஓபிக்கு வரும் நாளே சரியான நாள். ஈசிஜிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஸ்கோரை முடித்துவிடலாம்.

போனில் கேட்கலாம். ஆனால் ஒருவரிடம் முதல்முறை நேரில், அடுத்த முறை போனில் என்று மாறினால் முறை மாறியதால் வந்த வேறுபாடும் கலந்துவிடும். எல்லோரிடமும் ஒவ்வொரு முறையும் கேள்வியை வாசித்துக் காட்டியே கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அப்போது விடுபடமாட்டார். கேட்பவர் அறுவை செய்த மருத்துவரோ பயிற்சி கொடுத்தவரோ ஆக இருக்கக் கூடாது. "டாக்டர் மனசு நோகக் கூடாது" என்று நல்லபடியாகவே சொல்வார்கள். எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் கேட்கட்டும். மகன் பக்கத்தில் நின்று பதில் சொன்னால் அது மகனின் ஸ்கோர்.

சேர்க்கும் நாளிலேயே இரண்டு போன் எண் வாங்குங்கள்: நோயாளியுடையது ஒன்று, உடன் வசிப்பவருடையது ஒன்று. ஃபாலோ-அப் வராதவர் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி தாங்காமல் வேறு மருத்துவமனைக்குப் போனவரும் அந்தப் பட்டியலில்தான் இருப்பார்.

தசை வலுவை முதன்மையாக வைப்பது நல்ல யோசனை, காரணமும் உண்டு. அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் முன்தொடைத் தசை தன் வலுவில் ஏறத்தாழ 60 சதவீதத்தை இழக்கிறது. தசை மெலிவதைவிட, நரம்பு மண்டலம் அந்தத் தசையை முழுதாக இயக்காததே இதில் பெரிய பங்கு. எண்ணிக்கை குறையுமா என்பது எவ்வளவு வேறுபாட்டை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே முறையில் கணக்கை மறுபடி போடுங்கள். கைப்பிடி டைனமோமீட்டரை (தசை வலுவை அளக்கும் கருவி) கையால் மட்டும் பிடித்து அளந்தால், நோயாளியின் கால் வலு உங்கள் கை வலுவை மிஞ்சும் இடத்தில் எண் நின்றுவிடும். கருவியைப் பெல்ட் போட்டுக் கட்டிலோடு கட்டி அளவெடுங்கள்.

கூடவே, 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணும் சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருக்கை உயரம் 43 செ.மீ., கைகள் மார்பின் குறுக்கே. கையூன்றினால் எண்ணிக்கை பூஜ்யம். ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி. நோயாளி சொல்வதும் செய்வதும் பொருந்தாமல் போவது சகஜம்: ஒரு மாதத்தில் "முன்பைவிட நன்றாக நடக்கிறேன்" என்பார், சோதனையில் அறுவைக்கு முன்பைவிட மெதுவாக இருப்பார். பழைய வலி போனதை அவர் நடையாகக் கணக்கிடுகிறார். இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதுங்கள்.

மூட்டுமருத்துவம்

"திருப்தியா" கேள்வி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. கனடாவின் ஒன்டாரியோவில் 1703 முட்டிகளைப் பார்த்த 2010 ஆய்வில் 19 சதவீதத்தினர் திருப்தியில்லை என்றார்கள். எதிர்பார்த்தது கிடைக்காததே அதற்கு மிக வலுவான காரணமாக வந்தது. ஆகவே திருப்தியை முடிவில் மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். அறுவைக்கு முன்பே "இந்த முட்டியால் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்" என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஆறாம் மாதம் அதையே படித்துக் காட்டி, நடந்ததா என்று கேளுங்கள்.

முன்னுரையில் "82 சதவீத மூட்டுகள் 25 ஆண்டு நிலைக்கின்றன" என்ற, 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த எண்ணைப் போடுவீர்கள். அது மறுஅறுவை நடக்காத மூட்டுகளின் கணக்கு. வலியோடு காலம் தள்ளி, மறுஅறுவைக்குப் போகாதவரும் அந்த 82-க்குள் இருக்கிறார்.

குழுவைப் பிரித்து ஒதுக்குவதால் இது தலையீட்டு ஆய்வு. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலும் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் முடிந்திருக்க வேண்டும்.