அட்லாண்டா பெல்ட்லைன்: நடைபாதையின் ஓரத்தில் டிராம் ஓட வேண்டுமா?

கேள்வி: மிட்டவுன்வாசி

அனைவருக்கும் வணக்கம். அட்லாண்டாவின் உள்நகரைச் சுற்றிக் கிடந்த 22 மைல் நீளப் பழைய சரக்கு ரயில் தடங்களை டிராம் பாதையாக மாற்றலாம் என்று ரயன் கிராவெல் 1999இல் ஜார்ஜியா டெக்கின் முதுகலை ஆய்வேட்டில் முன்வைத்த யோசனையே பின்னர் நடைபாதையும் சேர்ந்த பெல்ட்லைன் திட்டமாயிற்று. கிழக்குப் பக்க நடைபாதை 2012இல் திறக்கப்பட்டது. அதையொட்டி பான்ஸ் சிட்டி மார்க்கெட், கிராக் ஸ்ட்ரீட் மார்க்கெட் எனக் கடைகளும் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. டிராம் மட்டும் இன்னும் வரவில்லை.

2016இல் நகரின் ரயில், பேருந்துகளை இயக்கும் மார்ட்டா நிறுவனத்தின் விரிவாக்கத்துக்காக அரை சென்ட் விற்பனை வரியை நகர வாக்காளர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அந்தப் பணத்தில் நகர மையத்தில் இப்போதுள்ள ஸ்ட்ரீட்கார் என்ற டிராமைப் பான்ஸ் சிட்டி மார்க்கெட் வரை நீட்டும் திட்டமும் தயாரானது. ஆனால் கிழக்குப் பக்க ரயிலுக்குத் தம் ஆதரவு இனி இல்லை என்றும் தெற்குப் பக்கத்துக்கே முன்னுரிமை என்றும் மேயர் ஆண்ட்ரே டிக்கன்ஸின் நிர்வாகம் 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டது. நடைபாதையின் ஓரமாகவே தண்டவாளம் போடுவது சரியா, அல்லது அருகிலுள்ள சாலைகளில் போடுவது நல்லதா? தெற்கிலிருந்து தொடங்குவதில் போக்குவரத்து நோக்கில் நியாயம் உண்டா? இவற்றை அறிந்தவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கிழக்குப்பக்கத்தான்

நான் அந்தப் பாதைக்கு அருகில் வசிப்பவன். ரயில் வேண்டாம் என்பவர்களோடு பெருமளவு உடன்படுகிறேன். சுமார் 14 அடி அகலக் கான்கிரீட் பாதையில் சனிக்கிழமை மாலையில் நடப்பவர்கள், குழந்தை வண்டிகள், மிதிவண்டிகள், மின் ஸ்கூட்டர்கள் எல்லாம் நெருக்கியடித்துச் செல்கின்றன. நெரிசலுக்கு வழி பாதையை அகலப்படுத்துவதே. அதற்கு இருக்கிற ஒரே இடம் தண்டவாளத்துக்கென ஒதுக்கிய புல்வெளிதான்.

இரண்டு மைல் அளவிலான அந்த நீட்டிப்புக்கு மதிப்பிடப்பட்ட செலவு சுமார் 23 கோடி டாலர். 2014 டிசம்பர் 30 அன்று தொடங்கிய ஸ்ட்ரீட்கார் என்ன சாதித்தது என்பதையும் பார்க்க வேண்டும். நகர மையத்தில் 2.7 மைல் சுற்றில் கார்களோடு சேர்ந்து அதே சிக்னலில் நிற்கும் வண்டி அது; அவசரமாகப் போகிறவர்கள் அதில் ஏறுவதில்லை. அதே பணத்தில் பல சாலைகளில் பேருந்துகளுக்குத் தனித்தடம் அமைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால், பெல்ட்லைனை விட்டுத் தொலைவில் இருப்பவர்களுக்கும் பயன் கிடைக்கும்.

மறுமொழி 2: தடப்பொறியாளர்

மேலே எழுதிய நண்பர் ஸ்ட்ரீட்காரின் தோல்விக்குச் சொன்ன காரணமே பெல்ட்லைனில் ரயில் வேண்டும் என்பதற்கான முதன்மைக் காரணம். கார்களோடு கலந்து ஓடுவதால் அந்த வண்டி தவிக்கிறது என்றால், கார் நுழைய முடியாத ஒரு தனித்தடம் நகரத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் பக்கத்துச் சாலையில் இன்னொரு டிராமைக் கலந்து விடச் சொல்வது அதே தவற்றை இரண்டாம் முறை செய்யச் சொல்வதாகும்.

இடம் போதாது என்ற வாதத்தையும் அளந்து பார்க்கலாம். இங்கு ஓடும் சீமென்ஸ் எஸ்70 வண்டியின் அகலம் சுமார் 2.65 மீட்டர், இரட்டைத் தடத்துக்கு ஏறத்தாழ 8 மீட்டர் இருந்தால் போதும். பாலங்களுக்கு அடியிலும் நிலத்தை வெட்டித் தடம் போட்ட சில இடங்களிலும் அது கிடைக்காது என்பது உண்மைதான். அங்கே சிறிது தொலைவு ஒற்றைத் தடமாக ஓட்டலாம். சால்ட் லேக் சிட்டியில் பழைய சரக்குத் தடத்தில் 2013 டிசம்பரில் தொடங்கிய எஸ்-லைன் அப்படித்தான் இயங்கியது. இரண்டு மைல் நீளம், பெரும்பகுதி ஒற்றைத் தடம், பக்கத்திலேயே பார்லிஸ் டிரெயில் நடைபாதை. 2019இல் ஒரு பகுதியை இரட்டையாக்கிய பிறகு 20 நிமிட இடைவெளி 15 நிமிடமாகக் குறைந்தது.

புல்வெளி போய்விடும் என்ற அச்சமும் தேவையற்றது. நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் டிராம் ஓடும் புல்தரையிலேயே மக்கள் மெல்லோட்டம் போகிறார்கள். (வண்டி வரும்போது ஒதுங்கவும் அவர்களுக்குத் தெரியும்.)

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜூலை மாதப் பகல் வெயிலில் இரண்டு மைல் நடக்க முடியாத முதியவருக்கும், உணவகத்தில் நள்ளிரவு வரை வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கும் நடைபாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது போக்குவரத்து ஆகாது.

மறுமொழி 3: மேரிலாண்டிலிருந்து

இந்த விவாதத்தின் அடுத்த கட்டத்தைக் கண்ட ஊரிலிருந்து எழுதுகிறேன். பெதஸ்டாவுக்கும் சில்வர் ஸ்பிரிங்குக்கும் இடைப்பட்ட பழைய ரயில் தடத்தை மாண்ட்கோமரி கவுண்டி 1988இல் வாங்கியபோதே அங்கு ரயிலும் நடைபாதையும் வரும் என்ற எண்ணம் இருந்தது. முதலில் நடைபாதை வந்தது, மரங்கள் அடர்ந்தன, மக்கள் பழகிவிட்டார்கள். பர்ப்பிள் லைன் இலகு ரயிலுக்காக 2017 செப்டம்பரில் பாதையை மூடி மரங்களை வெட்டியபோது எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. பிறகு 2020இல் ஒப்பந்ததாரர் விலகினார். வேலை பல ஆண்டுகள் பின்தங்கியது. ரயிலும் இல்லை, பழைய பாதையும் இல்லை என்ற நிலையில் அந்த இடம் நெடுங்காலம் கிடந்தது.

ரயில் வேண்டாம் என்பதற்காக இதை நான் எழுதவில்லை. பர்ப்பிள் லைன் தேவை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் "கட்டும் காலத்தில் நாங்கள் எந்த வழியாகப் போவது, எத்தனை மாதம்" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் பெறாமல் அட்லாண்டா மக்கள் ஒப்புதல் தரக்கூடாது. நடைபாதை வந்து ஆண்டுகள் கூடக் கூட, ரயிலுக்கென வாங்கிய நிலம் என்பதே பலர் நினைவில் இருக்காது. அந்த நினைவை அறிவிப்புப் பலகையாகவாவது அங்கேயே வைத்திருப்பது நல்லது.

மறுமொழி 4: தெற்குத்தெரு

தெற்கிலிருந்து தொடங்குவது பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் தரவில்லை. கிழக்குப் பக்கத்தில் வசதியானவர்கள் ஏற்கெனவே குடியேறிவிட்டார்கள். தெற்கிலும் தென்மேற்கிலும் கார் இல்லாத வீடுகள் அதிகம். பெல்ட்லைன் வந்த இடமெல்லாம் வாடகை ஏறுகிறது என்பது புதிய குற்றச்சாட்டு அன்று. மலிவு வீடுகளில் போதிய கவனம் இல்லை என்று சொல்லி, யோசனையைத் தந்த கிராவெலே 2016இல் பெல்ட்லைன் பார்ட்னர்ஷிப் குழுவிலிருந்து விலகினார். எனவே ரயில் முதலில் எங்கள் பக்கம் வருவதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு ஐயம் இருக்கிறது. கிழக்கு நீட்டிப்புக்கு வரைபடங்கள் தயாராக இருந்தன. தெற்குக்கு அந்த அளவுக்கு வேலை நடக்கவில்லை. தயாராக உள்ளதை நிறுத்தி, தயாராகாததை முதலில் செய்வோம் என்று அறிவிப்பது எங்களுக்கு நீதி வழங்குவதா, எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதா என்பதை நிதி ஒதுக்கீட்டையும் கால அட்டவணையையும் பார்த்தே சொல்ல முடியும்.

மிட்டவுன்வாசி

அனைவருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. தெற்கோ கிழக்கோ, எது வந்தாலும் பயணிகள் அங்கிருந்து மார்ட்டா ரயிலுக்கு எப்படி மாறுவார்கள்? வரைபடத்தில் இரண்டும் குறுக்கிடுகின்றன; குறுக்கிடும் இடத்தில் நிலையத்தைக் காணவில்லை.

தடப்பொறியாளர்

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். கிழக்கில் பெல்ட்லைன் மார்ட்டாவின் கிழக்கு–மேற்குத் தடத்தைக் கடப்பது கிங் மெமோரியல் நிலையத்துக்கும் இன்மன் பார்க்–ரெனால்ட்ஸ்டவுன் நிலையத்துக்கும் நடுவில். அந்த இடத்தில் சிஎஸ்எக்ஸ் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் ஹல்சி யார்டு நீளவாக்கில் படுத்திருக்கிறது. 2019இல் அங்கே சரக்கு ஏற்றி இறக்கும் வேலை நின்றாலும் நிலம் நகரத்தின் கைக்கு வரவில்லை. அதனால் இன்று நடப்பவர்கள்கூட கிராக் ஸ்ட்ரீட் சுரங்கச் சாலை வழியாகத்தான் மறுபுறம் போகிறார்கள்.

கைவிடப்பட்ட கிழக்கு நீட்டிப்பு இந்த முடிச்சைத் தொடவே இல்லை. அது பெல்ட்லைனிலிருந்து இர்வின் தெருவில் இறங்கி, எட்ஜ்வுட் அவென்யூ வழியாகப் பழைய ஸ்ட்ரீட்கார் தடத்தில் சேர்ந்து, பீச்ட்ரீ சென்டரில்தான் மார்ட்டாவைச் சந்திக்கும். தனித்தடத்தில் வேகமாக வந்தவர் கடைசிக் கட்டத்தில் மறுபடியும் கார் நெரிசலில் சிக்குவார். ஆகவே முதல் மறுமொழியாளரின் எரிச்சலில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

2024இல் மேயர் அறிவித்த நான்கு புதிய மார்ட்டா நிலையங்களில் கிராக் ஸ்ட்ரீட்–ஹல்சி யார்டும் ஒன்று; தென்மேற்கில் மர்ஃபி கிராசிங், மேற்கில் ஜோசப் இ. பூன், வடக்கில் ஆர்மர் யார்டு மற்றவை. நான்கும் பெல்ட்லைன் மார்ட்டாவைத் தொடும் இடங்கள். என்னைக் கேட்டால் ஹல்சி, மர்ஃபி இரண்டையும் முதலில் கட்டி, அவற்றை இணைக்கும் தென்கிழக்கு வளைவில் முதல் டிராமை ஓடவிடுவேன். தெற்குத்தெரு நண்பர் கேட்ட அட்டவணையில் இந்த இரண்டு நிலையங்களுக்கும் தேதி போட்டிருக்கிறார்களா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் கேளுங்கள்.

கிழக்குப்பக்கத்தான்

அந்த வரிசையில் வந்தால் நானும் எதிர்க்க மாட்டேன். ஆனால் இர்வினுக்கு வடக்கே உள்ள மரங்களைத் தொடுவதற்கு முன் மாற்றுப்பாதை எது என்று எனக்குச் சொல்லியாக வேண்டும்.