ஆர்க்கிடெக்ட் கட்டணம்: எத்தனை சதவீதம் என்பதற்கு முன், எதன் மீது சதவீதம்?

கோவை வடவள்ளியில் நான்கு சென்ட் மனையில், தரைத்தளமும் மாடியுமாக 1,500 சதுர அடியில் வீடு கட்டத் தொடங்கியபோது, வரைபடத்துக்கு என்ன செலவாகும் என்று மூன்று பேரிடம் விசாரித்தோம். முதலாமவர் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட். கட்டுமானச் செலவில் 7.5 சதவீதம் கேட்டார். இரண்டாமவர் சிவில் இன்ஜினியர்; சதுர அடிக்கு 45 ரூபாய் என்றார். மூன்றாமவர் கான்ட்ராக்டர், வேலையைத் தம்மிடமே கொடுத்தால் பிளான் இலவசம் என்றார்.

கட்டுமானச் செலவைச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 36 லட்சம் ஆகிறது. ஆர்க்கிடெக்டுக்கு 2,70,000 ரூபாய், இன்ஜினியருக்கு 67,500 ரூபாய், கான்ட்ராக்டருக்கு ஒன்றுமில்லை. இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால் யாருக்கும் மூன்றாமவர் மீதுதான் ஆசை வரும். ஆனால் மூவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லவில்லை என்பது, ஒவ்வொருவரும் என்னென்ன வரைந்து தருவார்கள் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

கான்ட்ராக்டர் கொடுத்த இலவச பிளானில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிப்பறை இருந்தது. தாளில் மிக அழகாகப் பொருந்தியிருந்த அதை ஆர்க்கிடெக்ட் பார்த்துவிட்டு, உயரங்களைக் காட்டும் பக்கவாட்டு வெட்டுத் தோற்றம் எங்கே என்று கேட்டார். அது வரையப்படவே இல்லை. தளத்துக்குத் தளம் பத்து அடி உயரம், பதினேழு படிகள், ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். திரும்பும் லேண்டிங் நடுவில் வந்தால் அதன் உயரம் ஐந்து அடி. கான்கிரீட் கனத்தைக் கழித்தால் அடியில் நாலரை அடிதான் மிஞ்சும். அந்தக் கழிப்பறைக்குள் என் பத்து வயது மகன்கூடக் குனிந்துதான் போக வேண்டும். ஆர்க்கிடெக்ட் லேண்டிங்கைப் பன்னிரண்டாவது படிக்கு நகர்த்தி, கீழே ஆறரை அடி கிடைக்கும்படி செய்து, மேல் பகுதிக்கு ஐந்து படிகளை மட்டும் விட்டார். வேலை நடக்கும்போது மேஸ்திரி இதைக் கண்டுபிடித்திருந்தால், கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அமைப்பான செண்ட்ரிங்கைப் பிரித்து அடிப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. இலவசம் என்று சொல்லப்படும் பிளானின் விலையும் எப்படியும் சதுர அடி ரேட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் என்பது என் கருத்து.

அதற்காகச் சதவீதக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. மதிப்பீட்டின் மீதா, கடைசியில் வரும் உண்மையான செலவின் மீதா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். டைல்ஸுக்குப் பதிலாக கிரானைட் போட்டால் செலவு இரண்டு லட்சம் கூடும். வரைபடத்தில் ஒரு கோடுகூட அதிகமாகாது. கட்டணம் மட்டும் 15,000 ரூபாய் ஏறும். ஆர்க்கிடெக்டிடம் இதை நேரடியாகச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. சதவீதத்தைக் குறைக்க மாட்டேன் என்றவர், கணக்கை 36 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளவும், பரப்பளவு கூடினால் மட்டும் மாற்றவும் ஒப்புக்கொண்டார். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 48,600 ரூபாய், தனி. தொழிலில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், இன்ஜினியரின் தொகையில் இந்தச் சுமை இல்லை. ஆகவே சொல்லப்படும் தொகை வரியோடு சேர்த்தா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகம் சண்டை வரும் இடம் சைட் பார்வை. அஸ்திவாரக் கம்பி கட்டியதும், ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடுவதற்கு முன்பும் வந்து பார்ப்பது ஆர்க்கிடெக்டின் கட்டணத்தில் அடங்கும். தினமும் நின்று சிமென்ட் கலவையைக் கவனிப்பது அடங்காது. அதற்கு சைட் இன்ஜினியர் தனியாக வேண்டும், அல்லது வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வேண்டும். எங்களுக்கு மாமனார் இருந்தார். தூண், கம்பி அளவுகளைக் காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் சிலரிடம் கட்டணத்துக்குள் வரும், சிலரிடம் வராது, எங்களுக்கு வரவில்லை.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுப்பதே நல்லது. திருப்பூரில் வீடு கட்டிய அலுவலக நண்பர் ஒருவர், அனுமதி வந்த அன்றே ஏறக்குறைய முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அந்த ஆர்க்கிடெக்டைப் போனில் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. நாங்கள் கொடுக்க வேண்டியதில் பாதியை, ஒவ்வொரு தளமும் முடிய முடியக் கொடுப்பதாக எழுதிக்கொண்டோம்.

அனுமதிச் செலவையும் கட்டணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில், 2,500 சதுர அடிக்குள் அடங்கும் மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியாகவே உடனடி அனுமதி கிடைக்கிறது. எனவே ‘அப்ரூவலுக்கு’ என்று யாராவது மொத்தமாக ஒரு பெருந்தொகை கேட்டால், அதில் அரசுக்குக் கட்டியது எவ்வளவு என்பதற்கு ரசீது கேளுங்கள்.

தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்பவரிடம், 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ‘கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில்’ பதிவு செய்த எண்ணைக் கேட்பதிலும் தவறில்லை. அந்தப் பட்டத்தைப் பதிவு இல்லாதவர் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் வீடு வடிவமைக்கும் வேலையைச் செய்யத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறிவிட்டது. ஆகவே இன்ஜினியரிடம் போவதும் முறையானதே. எளிமையான செவ்வக மனை, பழகிய அமைப்பு என்றால் நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். எங்கள் மனை தெருமுனையில் கோணலாக இருந்ததால் ஆர்க்கிடெக்டிடம் போனோம்.

சுற்றுச்சுவர் அவர் கணக்கிலேயே வந்துவிட்டது. சமையலறை அலமாரி, கட்டில் முதலான மரவேலைகளின் வடிவமைப்புக்குத் தனிக் கட்டணம் கேட்டார். அதை மட்டும் எங்கள் ஊர் ஆசாரியிடமே விட்டுவிட்டோம்.