இன்டர் மிலான் 2009–10: நிமிடக் கணக்கு சரிபார்க்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. இத்தாலியக் கால்பந்து அணியான இன்டர் மூன்று கோப்பைகளை வென்ற சீசனுக்கு வீரர்வாரியாக ஆடிய நிமிடங்களைத் தொகுக்கிறோம். மொத்தம் 57 ஆட்டங்கள்: சீரி ஆ (இத்தாலிய லீக்) 38, சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப் போட்டி) 13, கோப்பா இத்தாலியா (இத்தாலியக் கோப்பை) 5, பெய்ஜிங்கில் லாசியோவிடம் 1–2 எனத் தோற்ற சூப்பர்கோப்பா (இத்தாலிய சூப்பர் கோப்பை) 1.

உங்கள் பட்டியலில் 57-க்கு மேல் வந்தால், 2010 டிசம்பர் அபுதாபி கிளப் உலகக்கோப்பையைச் சேர்த்திருப்பீர்கள். அது அடுத்த சீசன். ஆண்டை வைத்துத் தேடினால் இந்தத் தவறு கண்டிப்பாக வரும்.

லீக் கணக்கு முடிந்தது (24 வெற்றி, 10 டிரா, 4 தோல்வி, 82 புள்ளி). சிக்கல் கோப்பா இத்தாலியாவில்தான். லிவோர்னோ, யுவென்டஸ், ஃபியோரென்டினாவுடன் இரண்டு, ரோமாவுடன் இறுதி ஆகிய ஐந்திலும் மாற்று வீரர் இறங்கிய நிமிடம் தளத்துக்குத் தளம் மாறுகிறது. ஆட்டத்தின் முழு வீடியோவோ மறுநாள் இத்தாலிய நாளிதழோ வைத்திருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள், ப்ளீஸ்.

இன்னொன்று: 90+2-இல் (90 நிமிடம் முடிந்து கூடுதலாகத் தரும் நேரத்தின் 2-ஆவது நிமிடத்தில்) இறங்கியவருக்கு 0 போடுவதா, 1 போடுவதா? 1 போட்டால் வெளியேறியவருக்கு 89 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் அணியின் கூட்டுத்தொகை 990-ஐ (11 பேர் × 90 நிமிடம்) தாண்டிவிடும். சிவப்பு அட்டைக்கும் இதே கவனம் தேவை. பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் சிவப்பு அட்டை வாங்கிய தியாகோ மோட்டாவுக்கு 28 நிமிடம்தான், அன்றைய கூட்டுத்தொகை 928.