லிட்டுவஸ்: வளைகோலா, செண்டா, நிமித்தக்கோலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ரோமானிய வெள்ளிக்காசுகளில் வரும் ‘லிட்டுவஸ்’ என்ற கோலுக்குத் தமிழில் ‘வளைகோல்’ என்ற பெயரே போதும் என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. வளைகோல் என்றதும் பந்தாட்டம் நினைவுக்கு வருவது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கோல் எதற்கு என்பதை அச்சொல் சொல்லவே இல்லை.

ரோமப் பேரரசர் அகஸ்டஸின் ‘தெனாரியஸ்’ என்னும் வெள்ளிக்காசு ஒன்றைப் பாருங்கள். கி.மு. 2-ஐ ஒட்டி லுக்துனும் நகரில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில், அடிக்கத் தொடங்கிய காசு. நம் கோவை வட்டாரப் புதையல்களிலும் நிறையக் கிடைத்திருக்கிறது. பின்பக்கத்தில் அவர் தத்தெடுத்துக்கொண்ட பேரன்கள் கையஸும் லூசியஸும் நிற்கிறார்கள். நடுவே கேடயங்கள், ஈட்டிகள். அவற்றுக்கு மேலே, லென்ஸ் வைத்தால்தான் தெளிவாகும் அளவில், ஒரு கரண்டியும் தலை சுருண்ட ஒரு கோலும். கரண்டி, பூசையில் மது வார்ப்பதற்கு. கையஸ் பூசகர் குழுவில் இருந்தார். கோல் லூசியஸுக்கு உரியது. அவர் பறவைகளைக் கொண்டு நிமித்தம், அதாவது சகுனம், பார்க்கும் குழுவைச் சேர்ந்தவர்.

ரோமில் நிமித்திகர் கணுவில்லாத இந்தக் கோலைக் கொண்டு வானத்தைப் பகுதிகளாக வகுப்பார். பிறகு பறவைகளின் வரவையும் போக்கையும் கவனித்துத் தெய்வத்தின் இசைவைச் சொல்வார். ரோமத் தளபதி சுல்லாவின் காசில் இரண்டு வெற்றிச் சின்னங்களுக்கு நடுவே ஒரு குடமும் இந்தக் கோலும் மட்டும் இருக்கும். ஏந்திய கை கிடையாது. படம் சொல்லாததைப் பெயர்தான் சொல்லியாக வேண்டும்.

‘செண்டு’ என்ற பரிந்துரை என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஐயனார் கையில் இருப்பதும் நுனி வளைந்ததுதான். உருவம் அப்படியே பொருந்துகிறது! ஆனால் இன்று செண்டு என்றால் பூச்செண்டுதான். ஐயனார் செண்டால் வானத்தை வகுப்பதும் இல்லை.

‘புட்கோல்’ என்றும் எழுதிப் பார்த்தேன். பறவை, நிமித்தம் இரண்டையுமே பழந்தமிழ் ‘புள்’ என்கிறது. லிட்டுவஸுக்கு இதைவிட நெருக்கமான சொல் அமையாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அருங்காட்சியகப் பலகையில் ‘புட்கோல்’ என்று படிக்கும் பள்ளி மாணவிக்கு யாராவது பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். ‘நிமித்தக்கோல்’ என்றால் பாதிப் பொருள் தானாகவே விளங்கிவிடும். என் வாக்கு அதற்கே. ‘புட்கோல்’ மாற்றுச் சொல்லாகக் கலைச்சொல் பட்டியலில் இருக்கட்டும்.

அந்தக் கரண்டிக்கு இப்போதைக்கு ‘வார்கரண்டி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அகப்பை, துடுப்பு இரண்டும் சமையலறைக்கே இழுக்கின்றன. இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.