கதிர்வீச்சுக்குப் பின் செர்டோலி செல்கள்: வழிகாட்டல் வேண்டுகிறேன்

கதிர்வீச்சு உயிரியல், திசுவியல் துறைகளில் உள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். எக்ஸ் கதிர் செலுத்தப்பட்ட சுண்டெலியின் விந்தகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், பல குழல்களில் விந்தணுவாக மாறவேண்டிய செல்கள் அழிந்து, வெளிறிய உட்கருவும் அதனுள் தெளிவான நியூக்ளியோலசும் (உட்கருமணி) கொண்ட, விந்தணுவாகும் செல்களைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்கள் மட்டுமே அடித்தளச் சவ்வை ஒட்டி நிற்கின்றன. முதிர்ந்த விலங்கில் இவை பிரிந்து பெருகுவதில்லை என்பதால் தப்பிவிடுகின்றன. ஆனால் தப்பியவை நலமாகவே இருக்கின்றன என்று கொள்வது அவசர முடிவு என்றே கருதுகிறேன். செர்டோலி செல்கள் சுரக்கும் இன்ஹிபின் பி என்ற ஹார்மோன் குறைந்து, அது கட்டுப்படுத்தும் எஃப்எஸ்எச் என்ற பிட்யூட்டரி ஹார்மோன் உயர்வது இவற்றின் நேரடிச் சேதத்தாலா, அல்லது இவை தாங்கி வளர்த்த செல்களை இழந்ததாலா என்பதை எப்படிப் பிரித்தறிவது? இரத்தத்திலுள்ள பொருள்கள் குழலின் உட்பகுதிக்குள் புகாமல் செர்டோலி செல்கள் அமைக்கும் இரத்த விந்தகத் தடுப்பின் கசிவை, தடங்காட்டிப் பொருளான பயோட்டின் கொண்டு சோதித்தவர்கள் செய்முறையைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்காக விந்தகத்தில் 24 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) பெற்ற, பருவமடையாத சிறுவர்களில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லெய்டிக் செல்களும் பெரும்பாலும் செயலிழப்பதால், அந்த வயதுத் திசுவில் செர்டோலி செல்களைப் பற்றி அறிந்தவர்களும் அன்புகூர்ந்து எழுதுங்கள்.