செய்தியில் பார்த்த போர்: இன்னும் மனதை அரிக்கும் ஒரு நொடி

தேக்கா வாசகன்:
2009 மே 19, இலங்கையில் உள்நாட்டுப் போர் முடிந்த நேரம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் தே குடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் கொழும்புத் தெரு, சிங்கக் கொடி, பட்டாசு. ராணுவத் தாக்குதலுக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று இலங்கை அரசு வைத்த பெயரையே செய்தியிலும் வாசித்தார்கள். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணப் பெரியவர். அவருடைய அக்கா, கடைசிச் சண்டை நடந்த முல்லைத்தீவில். "தம்பி, சனம் எங்க? சனத்தைக் காட்டேல்லையே" என்றார். அவருடைய தேயில் ஆடை படிந்து கிடந்தது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

உட்லண்ட்ஸ் டாக்சி:
எப்படிக் காட்டுவார்கள்? 2008 செப்டம்பரிலேயே ஐநா ஊழியர்களை, போர் நடந்த வன்னிப் பகுதியிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டார்கள். நிருபர்களையும் சுதந்திரமாக உள்ளே விடவில்லை. என் அனுபவம் வேறு. 2018 ஜூன் 12, செந்தோசாவில் டிரம்ப்-கிம் சந்திப்பு. ஊரெல்லாம் வெளிநாட்டு நிருபர்கள். அன்று மாலை எஃப்1 கார் பந்தயக் கட்டடத்தில் இருந்த ஊடக மையத்திலிருந்து ஒரு கேமராக்காரரை ஏற்றினேன். "கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். காட்ட ஒன்றுமில்லை" என்று அலுத்துக்கொண்டார். இரண்டு பேர் சண்டை போடாமல் பேசியது அவருக்கு ஒன்றுமே இல்லை! இன்றும் அந்தப் பக்கம் போனால் அந்தக் குரல்தான்.

ஈசூன் அம்மா:
டாக்சி அண்ணே, உள்ளே விடவில்லை என்றால் அதையே முதல் வரியில் சொல்லலாமே? சொல்லாமல் அரசின் சொல்லை வாசித்தது யார் தப்பு?
காஸா செய்தி ஓடும்போது என் மகன் கேட்டான், "யாரும்மா ஜெயிக்கிறாங்க?" ஆடிப்போனேன். நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் இதைத்தான் சொன்னார்: போரைப் பந்தயம் மாதிரி எழுதுகிறார்கள், நோயைப் பற்றி எழுதுவது மாதிரி எழுத வேண்டும், காரணம் என்ன, மருந்து என்ன என்று. பிள்ளை உள்ளவர்களே, செய்தியைச் சேர்ந்து பாருங்கள். 'பலியாயினர்' என்று வந்தால் கொன்றது யார் என்று கேளுங்கள். பேட்டியில் தளபதி மட்டுமா, தாயும் உண்டா என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் படிக்க வையுங்கள். அப்புறம், சாப்பிடும்போது டிவி வேண்டாம்.

தேக்கா வாசகன்:
சரி அக்கா. ஒன்று விட்டுவிட்டேன். 2002 போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலை திறந்தபோது, அந்தப் பெரியவர் பஸ் பிடித்துப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாராம். போர் முடிந்த செய்தியை எந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. பாதை திறந்த செய்தியைப் பார்த்த ஞாபகமே இல்லை.